பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் யாராவது "அனுப்பிட்டேன்" என்று சொன்னால் தீதிக்கு முகம் சுருங்கிவிடும். கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி.

"கிடைச்சுதா?"

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வங்காளிகள் அக்காவை அழைப்பதுபோல எல்லோரும் தீதி என்றோம். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த எங்கள் வக்கீல் ஸாரும் தீதி என்றுதான் கூப்பிட்டார். தீதியின் தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து கல்கத்தாவில் தங்கிவிட்டவர். தீதி பேசுகிற தமிழில் பாதி வங்காளம் இருக்கும். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ் வரும். நான் அதை நிறையவே கேட்டிருக்கிறேன்.

அலுவலகம் பாலிகஞ்சில், ஸார் வீட்டின் கீழ்த்தளம். அலிப்பூரில் கோர்ட்டுக்கு எதிரே இன்னொரு சிறிய அறை. நான் மதுரையில் சட்டம் படித்துவிட்டு, கணவரின் மாற்றல் உத்தரவோடு கல்கத்தாவுக்கு வந்தவள். ஜாதவ்பூரில் வீடு. குழந்தை சின்னவள் என்பதால் வீட்டிலிருந்தே மனுக்களை எழுதிக் கொடுப்பேன்.

தீதி அங்கே தபால் பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு. நோட்டில் கடைசிக் கட்டம் 'பெற்றுக்கொண்டவர் கையெழுத்து'. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. துர்கா பூஜை முடிந்து, வங்காளிகள் இனிப்புப் பரிமாறிக்கொள்ளும் பிஜோயாவுக்கு எங்கள் வீட்டுக்கு ஸந்தேஷ் கொடுத்தனுப்பினார். மறுநாள் போன் செய்து என் கணவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுத்ததைக் கேட்கவில்லை, சாப்பிட்டாரா என்றுதான் கேட்டேன் என்றார். நான் சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவர் எங்கள் கணினிகளுக்குப் பொறுப்பாளர் ஆனது தற்செயல்தான். ஊரடங்கு வந்தபோது கேஸ் கட்டுகளெல்லாம் பாலிகஞ்சுக் கணினியில் மாட்டிக்கொண்டன. ஸார் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டார். வந்த ஆள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மூன்று இடத்துக் கணினிகளையும் விபிஎன் போட்டு இணைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை என் மடிக்கணினியில் பாலிகஞ்சும் தெரியவில்லை, அலிப்பூரும் தெரியவில்லை. தீதி அந்த ஆளுக்கு ஏழு முறை போன் செய்தார். ஏழு முறையும் எல்லாம் செய்தாகிவிட்டது என்ற பதில்தான்.

தீதிக்கு அது போதும். கம்பெனி ஆளை விட்டுவிட்டு, தானே உட்கார்ந்தார். கைப்பேசியில் வீடியோ பார்ப்பார், நோட்டில் எழுதுவார், ஒரு பெட்டியைத் தட்டுவார், எனக்குப் போன் செய்து என் திரையில் என்ன தெரிகிறது என்று எழுத்துக்கு எழுத்து வாசிக்கச் சொல்வார். பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் என் ஜாதவ்பூர் வீட்டு மேசையில் பாலிகஞ்சின் ஃபோல்டர் திறந்தது. அலிப்பூரின் பிரிண்டர் என் பட்டியலில் வந்து நின்றது. விபிஎன் என்றால் என்ன என்று ஸார் கேட்டதற்குத் தீதி சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவாக நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை.

"மூணு வீட்டுக்கும் நடுவுல கொல்லைக் கதவு வெச்சிருக்கேன், ஸார். தெருவுல போறவங்களுக்குத் தெரியாது. நாம மட்டும் போய் வந்துக்கலாம்."

பிரிண்டர்களுக்குக் கம்பெனி வைத்த எண்களை அழித்துவிட்டு 'அலிப்பூர் ஜன்னலோரம்', 'பாலிகஞ்ச் மாடிப்படி' என்று அவை இருக்கும் இடத்தையே பெயராக வைத்தார். அப்படியும் நான் ஒரு நாள் பிரிண்டரை மாற்றித் தொட்டுவிட்டேன். குழந்தை வண்ணம் தீட்டுவதற்காக யானைப் படங்கள் அச்சடித்தேன். வீட்டுப் பிரிண்டர் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தீதியின் போன் வந்தது. அலிப்பூரில் ஒரு விவாகரத்து வழக்கின் கட்சிக்காரர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது ஜன்னலோரமிருந்து வரிசையாக யானைகள் வந்தனவாம்.

"உன் யானை பதினொண்ணும் பத்திரமா வந்து சேர்ந்துது. முஹுரி பாபு கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு."

முஹுரி பாபு என்பவர் அலிப்பூர் அறையின் குமாஸ்தா. வக்கீல் குமாஸ்தாக்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கோர்ட்டுக்குப் பின்னாலேயே வீடு. கோர்ட்டின் ஒவ்வொரு தூணும் அவருக்கு உறவு. கணினி மட்டும் ஆகாது. தினமும் காலை பத்து மணிக்குத் தீதியால் அவருக்கு ஒரு சோதனை இருந்தது.

பத்து மணிக்குத் தீதி பாலிகஞ்சிலிருந்து ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு பக்கம் அனுப்புவார். அதில் தன் டிபன் டப்பாவில் அன்றைக்கு என்ன என்று வங்காளத்தில் ஒரு வரி இருக்கும். மறுமுனையில் இருப்பவர் அதைப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். வெறும் சோதனைப் பக்கம் அனுப்பினால் எழுந்து போய்ப் பார்க்காமலே வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. வெண்டைக்காய், பூசணிக்காய், உப்புக் குறைந்த பட்டோல் கறி என்று எல்லாம் அலிப்பூரில் அச்சாகும். ஒரு நாள் முஹுரி பாபு வெற்றிலையை மென்றுகொண்டே வந்துவிட்டது என்றார். என்ன வரி என்று தீதி கேட்டார். பட்டோல் கறி என்று அவர் குத்துமதிப்பாக அடித்துவிட்டார். எழுந்து போய் எடுத்துப் பாருங்கள் என்றார் தீதி. 'முஹுரி பாபு இதைப் படிக்கவில்லை' என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் தீதியோடு பேசவில்லை. வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

எனக்கும் எரிச்சல்தான். இதற்கெல்லாம் பின்னால் ஏதோ பழைய சோகம் இருக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு முறை மெதுவாகக் கேட்டேன். தொலைந்துபோன கடிதம், கெட்டுப்போன வழக்கு என்று ஒரு கதையை எதிர்பார்த்தேன்.

"கதையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அனுப்பிட்டேன்னு சொல்லிட்டுக் காலை நீட்டி உக்கார்றவங்களப் பாத்தா பத்திக்கிட்டு வரும். அவ்வளவுதான்."

அந்த ஆள்களில் நானும் ஒருத்தி என்று தெரிந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

பாலிகஞ்சில் ஒரு தையல்கார அம்மாள் இருந்தார். வங்காளத்தில் சித்தி என்கிற மாதிரி மாஷி என்று கூப்பிடுவோம். எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தெருவைப் பார்த்த அறையில் கடை. இரண்டு தையல் எந்திரம், ஒரு இஸ்திரி மேசை. அந்தக் கடைதான் அவருடைய ஒரே சோறு. அதே கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு குடோன் உண்டு. அதை வைத்திருந்த வேறொருவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தார். பத்துக்கு எட்டு அடி அறை என்று உத்தரவில் இருந்தது. அந்த உத்தரவை வைத்துக்கொண்டு முன்னால் இருந்த மாஷியையும் வெளியே தள்ளிவிடலாம் என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். காலி செய்ய வைக்கிற கோர்ட் அமீனா வருகிற நாளும் நேரமும் நோட்டீஸில் வந்துவிட்டன. பிற்பகல் இரண்டு மணி.

அதற்குள் தடை உத்தரவு வாங்க வேண்டும். எங்கள் வாதம் ஒரே ஒரு வரிதான். மாஷியின் கடை பன்னிரண்டுக்கு ஒன்பது அடி. உத்தரவில் சொன்ன அறை அது இல்லை. இதை மாஷியே பிரமாணப் பத்திரத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினேன். எழுதும்போது அளவுகளை உத்தரவிலிருந்தே பார்த்துப் பத்துக்கு எட்டு என்று போட்டுவிட்டேன். ஸார் முதல் நாள் பிற்பகலில் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அளவில் மாஷி கையெழுத்துப் போட்டால் தன் கடைதான் அந்த அறை என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். நான் வீட்டில் உட்கார்ந்து, பாலிகஞ்ச் ஃபோல்டரில் இருந்த அந்த ஃபைலைத் திறந்து, திருத்தி, சேமித்தேன். குழந்தை பசி என்று காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தீதி என் மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தார். சேமித்த பிறகு எனக்குப் போன் செய், இங்கே ஃபைலில் நேரம் மாறியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்று. நடுவில் விபிஎன் அறுந்துபோனாலும் ஃபைல் திறந்தே இருக்கும், சேமி என்றால் சேமிக்கும், ஆனால் உன் மடிக்கணினியிலேயே தங்கிவிடும் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் போன் செய்யவில்லை. தோசைக்கல் அடுப்பில் இருந்தது.

இரவெல்லாம் மழை. மறுநாள் விடிந்தபோது கல்கத்தாவில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. ஸார் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே கிளம்பி அலிப்பூர் கோர்ட்டுக்குள் போய்விட்டார். மாஷி எப்படியோ அலிப்பூர் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டார், சேலை இடுப்புவரை நனைந்து. முஹுரி பாபு அறையைத் திறந்து, எந்திரங்களுக்கு உயிர் கொடுத்து, மாஷியைப் பிரிண்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, வழக்கைப் பட்டியலில் சேர்க்கக் கோர்ட்டுக்கு ஓடினார். பன்னிரண்டு மணிக்குள் மனு உள்ளே போக வேண்டும்.

தீதி பாலிகஞ்சில் இருந்தார். என்னையும் மாஷியையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்தார். நேற்றுத் திருத்தியது ஃபோல்டரில் வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். சேமித்துவிட்டேன் என்றேன். அங்கே நேரம் பார்த்தோமா என்று ஆரம்பித்தார்.

"நம்புங்க தீதி. எல்லாம் சரியா இருக்கு. மழை நேரத்துல இதையும் நோண்டணுமா?"

சரி என்றார் தீதி. பிறகு அச்சுக்குக் கொடுத்தார். அத்தனை வருடத்தில் அவர் வாய்ச்சொல்லை நம்பியது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். போனில் அலிப்பூர் பிரிண்டர் இருமிக்கொண்டு ஓடுவது கேட்டது. மூன்று பக்கம் வந்ததாக மாஷி சொன்னார். எனக்கு நிம்மதி. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

தீதி வைக்கவில்லை. மாஷிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். பக்கத்தில் இருக்கிற எல்லா எண்களையும் வரிசையாக வாசியுங்கள் என்றார். மாஷி வாசித்தார். கதவு எண் சரி, வருடம் சரி. மூன்றாவது பக்கத்தில் பத்து என்றார், எட்டு என்றார். அங்கே நின்றுவிட்டார். அந்த எண்கள் எதற்கு என்று கேட்டார். கடையின் அளவு என்று தீதி சொன்னார். மாஷி வங்காளத்தில் நிதானமாகச் சொன்னது இதுதான்:

"இது என் கடை இல்லம்மா. இது பின்னாடி குடோன். என் கடை பன்னெண்டுக்கு ஒம்போது. என் கழுத்துல கிடக்குற டேப்பாலயே அளந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

திரையின் மூலையைப் பார்த்தேன். விபிஎன் நேற்று நான் திருத்தும்போதே அறுந்திருந்தது. என் திருத்தம் என் மடிக்கணினியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தீதி பழைய ஃபைலை அச்சடித்திருக்கிறார். அளவு எது சரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் மாஷி அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். என் சோம்பேறித்தனம் ஓர் ஏழையின் கடையைப் பிடுங்கிக் கொடுத்திருக்கும். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீதி திட்டுவார் என்று காத்திருந்தேன். தஞ்சாவூர்த் தமிழ் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாஷியிடம் அந்த மூன்று பக்கத்தையும் குறுக்கே கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். நான் வாட்ஸாப்பில் அனுப்பிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரே பத்திரத்துக்கு இப்போதே இரண்டு முகம், மூன்றாவது எதற்கு என்றார். கைப்பேசியின் இணையத்தில் மடிக்கணினியை மாட்டச் சொன்னார். விபிஎன்னைத் தொட்டேன். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மூன்றாவது முறை கதவு திறந்தது. எந்த ஃபைலை வைத்துக்கொள்வது என்று கணினி கேட்டது. என் விரல் அவசரப்பட்டது.

"தொடாதே. ரெண்டையும் வெச்சுக்கோன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அத அமுக்கு. இப்ப புதுசுல மூணாம் பக்கம் போ. எண்ணைப் படி."

பன்னிரண்டு, ஒன்பது என்று படித்தேன். அவரும் தன் திரையில் படித்தார். அச்சுக்குக் கொடுத்தார். மாஷி அலிப்பூரிலிருந்து படித்தார். மூன்று இடத்தில் மூன்று பெண்கள் ஒரே இரண்டு எண்களைச் சொன்னோம். மாஷி கையெழுத்துப் போட்டார். முஹுரி பாபு மூச்சு வாங்க வந்து அவரையும் பத்திரத்தையும் நோட்டரியிடம் இழுத்துக்கொண்டு ஓடினார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

ஒன்றரை மணிக்கு முஹுரி பாபுவின் குரல், தொண்டை கிழிய. தடை உத்தரவு கிடைத்துவிட்டது. நான் இங்கே எழுந்து குதித்தேன், குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்து குதித்தாள். தீதி மட்டும் குதிக்கவில்லை.

"உத்தரவு அலிப்பூர்ல இருக்கு. அமீனா பாலிகஞ்ச்ல இருக்கார். அவருக்குக் கிடைச்சுதா?"

உண்மைதான். அமீனா வாய்வார்த்தையை நம்ப மாட்டார். ஸார் உத்தரவைக் குறிப்பிட்டு அலுவலகத் தாளில் அமீனாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கெல்லாம் வக்கீல் கடிதத்துக்கு அந்த மரியாதை உண்டு. அலிப்பூர் எந்திரத்தின் கண்ணாடி மேல் அதை வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கச் சொன்னார் தீதி. முஹுரி பாபு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்தார். காலையில் போன வழியிலேயே காகிதம் திரும்பி வந்தது. ஃபோல்டரில் அது தலைகாட்டியதை நான்தான் முதலில் பார்த்தேன். இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே திறந்து, வழக்கு எண், அறையின் அளவு, ஸாரின் கையெழுத்து எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். நல்லது என்றார் தீதி. மாடிப்படிப் பிரிண்டர் ஓடியது.

பிறகு அவர் போனை அணைக்காமல் மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்குத் தண்ணீரில் கால் அளைகிற சத்தம்தான் கேட்டது. ஒரு ரிக்‌ஷாக்காரரோடு சண்டை. மறுபடி தண்ணீர். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆண்குரல்கள் கேட்டன. பூட்டை உடைக்க ஆள் வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தீதி யாரையும் கூப்பிடவில்லை, கத்தவும் இல்லை. பிளாஸ்டிக் உறை சரசரத்தது. அமீனா படிக்கிறார் போலிருக்கிறது. கோர்ட்டுக்குப் போன் செய்து கேட்டார். அப்புறம் வந்த வேலைக்காரர்களைப் பார்த்துச் சுத்தியலை உள்ளே வையுங்கள் என்றார். வீட்டுக்காரர் ஏதோ ஆரம்பித்தார், அமீனா ஒரே அதட்டலில் அடக்கிவிட்டார்.

எல்லோரும் கிளம்புகிற சத்தம். தீதி அமீனாவை விடவில்லை, வங்காளத்தில் அண்ணன் என்கிற தாதாவைப் போட்டு நிறுத்தினார். அந்த மழையிலும் நீள நோட்டைச் சுமந்துகொண்டுதான் போயிருக்கிறார்.

"ஒரு நிமிஷம் தாதா. இந்தக் கடைசிக் கட்டத்துல ஒரு கையெழுத்து."

அமீனா வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். மேல் வரியில் இதென்ன, யானை பதினொன்று என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டார். அதுவும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் தீதி. பேனா கீறுகிற சத்தம் எனக்கு ஜாதவ்பூரில் கேட்டது.

அவர் போனைப் பையிலிருந்து எடுத்தார். மாஷி அலிப்பூரில் இன்னும் அழைப்பிலேயே இருந்தார். இத்தனை வருடமாக நாங்கள் எல்லோரும் அந்த மனுஷியிடமிருந்து கேள்வியாகவே கேட்டுப் பழகிய சொல்லை, அன்றைக்குத்தான் பதிலாகக் கேட்டேன்.

"கிடைச்சுது மாஷி. கிளம்பி வாங்க, சாவி உங்க இடுப்புலதானே இருக்கு? வந்து கடையைத் திறங்க."